நல்ல தண்ணீர்க் கோடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். எதிர் வீட்டுக் கூரை மூன்று மணி வரை தெரியவில்லை. நேற்று அடித்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது. டப்பாவில் ஆறு மணி நேரம் என்று போட்டிருக்கிறான். எமரால்டு மாதிரி மலையூரில் விற்கும் டப்பாவுக்குத் தனியாக அச்சடிக்க வேண்டும். இரண்டு நாள், அதுவும் வெயில் வந்தால்.

கப்பலில் மீதி வேலை:
– மேல் பாதிக்குக் கறுப்பு
– சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் வெள்ளைக் கோடு, சுற்றிலும்
– எடை ஏற்றுவது
– பாப்பா தொட்டியில் மிதக்க விட்டுப் பார்ப்பது
– புகைபோக்கி (ஜோவி பிய்த்தது) மறுபடி ஒட்டுவது

பதிமூன்று நாள் இருக்கிறது. 17ஆம் தேதி சா. கப்பலை விட்டு இறங்குகிறார். அதற்குள் முடிந்துவிடும். முடிய வேண்டும். அவர் வேலை பார்க்கும் கப்பல்தான் இது, ஐம்பதில் ஒரு பங்கு அளவில். வளைகுடாவில் பெரிய கப்பல்களை இழுத்துப் போகும் டக். நிஜத்தில் முப்பது மீட்டர், என் மேஜையில் அறுபது சென்டிமீட்டர்.

அவர் போகும்போது மகள் ஜோவிக்கு எழுபது நாள். கழுத்து நிற்கவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வருகிறாள். டிசம்பர் ஒன்பதில் ஒரு வயது.

ஃபோனைப் பார்த்தால் 'ப்பா' என்கிறாள். கால் வரும்போது மட்டும் என்றால் சரி. சார்ஜில் கிடக்கும் ஃபோனும் ப்பா. அத்தையின் பழைய பட்டன் ஃபோனும் ப்பா. இன்று கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் கையிலிருந்த கருவியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, ப்பா, ப்பா. அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். அத்தை பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் சிரித்தேன்.

எடை: 8.1 கிலோ. போன மாதமும் 8.1. தராசா, பிள்ளையா, எது சரியில்லை?

நவம்பர் 5, புதன்

வெயில். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. கறுப்பு அடித்தாயிற்று. கொடியில் அத்தை ஒரு கம்பளியை விரித்திருந்தார். அது பறந்து பெயிண்ட்டில் படாமல் கல் வைத்தேன்.

ஜோவி பதினொன்றேகாலுக்குத் தூங்கி ஒன்றரைக்கு எழுந்தாள். சாதனை. லேப்டாப்பைத் திறந்து கப்பலின் எடைக் கணக்கை எடுத்தேன்.

இந்த மென்பொருளை ஜூனில் இறக்கினேன். இலவசம். கொச்சியில் படித்தபோது கப்பலின் உடலை வரையப் பழகியது இதே மாதிரி ஒன்றில்தான். திரையில் ஒரு வலை. வலையின் முடிச்சைப் பிடித்து இழுத்தால் கப்பலின் வயிறு உப்பும், ஒட்டும். ஒரு முடிச்சை நகர்த்தினால் தள்ளி நாலு இடம் நெளியும். நெளிவு எங்கே என்று காட்ட ஒரு பொத்தான். அமுக்கினால் உடம்பு முழுக்க முள்ளம்பன்றி மாதிரி சிலிர்க்கும். முள்ளெல்லாம் ஒரே சீராகப் படியும் வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆயிற்று எனக்கு. ஒரு தூக்கத்துக்கு மூன்று முடிச்சு.

வரைபடத்துக்கு அவரைக் கேட்டேன். கப்பலின் சாப்பாட்டு அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதாம். ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். கண்ணாடியில் அவர் நிழல். சரியாக எஞ்சின் அறை இருக்கும் இடத்தில் அவர் தலை. "தள்ளி நின்னு எடுங்க" என்றேன். மறுபடி அனுப்பியதில் தோளும் காதும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு முதல் படத்தையே அடியில் வைத்து வரைந்தேன். கோடு போடும்போதெல்லாம் தலைமுடி குறுக்கே வரும்.

ஊட்டி பிரின்ட் கடை ஞாபகம் வருகிறது. செப்டம்பர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், கப்பலைக் குறுக்கே அறுத்த மாதிரி பதிமூன்று படம், நீளவாட்டில் ஒன்று. கடைக்காரர் பெருமையாகக் கொடுத்தார். "பேப்பர்ல அடங்கலீங்க மேடம். நானே கொஞ்சம் சுருக்கி அடக்கிப்போட்டேன்." பதிமூன்றையும் சுருக்கியிருக்கிறார்; நீளவாட்டுப் படத்தைத் துண்டு துண்டாக முழு அளவில் அடித்திருக்கிறார். ஆசாரி பிளைவுட்டில் வெட்டிக் கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். நீளம் சரி, இடுப்பு மட்டும் ஒல்லி. எல்லாம் மறுபடி. அன்றிலிருந்து எந்தத் தாள் அடித்தாலும் ஓரத்தில் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்டுவிடுகிறேன். முதலில் அதை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோல்.

பக்கத்து வீட்டு சரசக்கா கேரட் கழுவும் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"ஏனம்மிணி, நாலு வருசம் கப்பலுக்குப் படிச்சுப்போட்டு ஐஸ் குச்சி ஒட்டறீங்களாக்கும்?"

"ஆமாங்க்கா. நானூறு குச்சி."

"எங்கூட்டுக்காரரு படிக்காமயே கோழிக்கூண்டு ஒட்டிப்போட்டாரு."

போகும்போது குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "வழுவழுன்னு இருக்குதுங்." அது போதும் எனக்கு இன்றைக்கு.

கப்பலின் மொத்த எடை, மென்பொருள் கணக்குப்படி: 6.27 கிலோ. உடம்பு மட்டும் இப்போது 1.3. மீதி அடியில் ஏற்ற வேண்டும். ஈயம் வேண்டாம், ஜோவி எதையும் வாயில் வைப்பாள். சரசக்கா வீட்டில் லாரியின் பழைய போல்ட்டும் நட்டும் ஒரு சாக்கு இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

ஐந்தரைக்குக் கால். அவருக்கு நாலு மணி, டியூட்டி முடியும் நேரம்.

"பெனி, ஒண்ணு சொல்லணும்."

அடிபட்டுவிட்டதா என்று கையைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

செகண்ட் எஞ்சினியர் உடம்பு சரியில்லாமல் இறங்கிப் போகிறாராம். மார்ச்சில் கப்பலைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டும் பெரிய வேலை. அதுவரைக்கும் இருந்தால் இவரையே செகண்டாகப் போடுகிறார்களாம். இப்போது இவர் மூன்றாவது எஞ்சினியர்.

"திங்கக்கிழமைக்குள்ள ஆபீசுக்குச் சொல்லணும். நீ சொல்றதுதான். வேணாம்னா வந்துடறேன்."

மார்ச். இன்னும் நாலரை மாதம்.

என் வாய் சொன்னது: "இருங்க. நல்ல சான்ஸ்தானேங்க. பாப்பாவ நாங்க பாத்துக்கறோம்."

பஸ் கண்டக்டர் 'போலாம் ரைட்' சொல்கிற மாதிரி. அவ்வளவு சுறுசுறுப்பாக.

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

"சரி, அப்ப…" என்றார். அவர் முகம் கொஞ்சம் நின்றது. நெட்வொர்க்கா, அவரா, தெரியவில்லை.

அத்தை அடுப்படிக் கதவோரம் தட்டோடு நின்றிருந்தார். "நல்லது" என்றார். உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதிப் பார்க்கிறேன்.
– அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்குப் பதவி உயர்வு.
– எனக்கு வேலை போனது. அவருடையதாவது ஏறட்டும்.
– வேண்டாம் என்று சொல்லி அவர் வந்து, இங்கே ஜன்னலில் எமரால்டு அணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்?
– 'வாங்க' என்று சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். 'இருங்க' என்றால் அழுகை வராது.

கடைசிதான் உண்மை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. சன்னமாக, நிற்காமல்.

ஜோவிக்கு 99.8. பல்லா, சளியா? மூன்று தடவை அளந்தேன். 99.8, 99.4, 99.9. சரசக்கா வந்து ஈறைத் தடவிப் பார்த்தார். "பல்லுதானுங். நீங்க பயந்து பயந்து புள்ளைக்கும் சூடு ஏத்தறீங்." மூன்று மணிக்கு 98.6.

மார்ச் வரை அவர் பார்க்காதவை: முதல் நடை. முதல் பிறந்தநாள். மேல் பல் இரண்டு. 'ப்பா' என்பது ஃபோன் இல்லை என்று இவளுக்குத் தெரிய வரும் நாள், அல்லது தெரிய வராமலே போகும் நாட்கள்.

லேப்டாப்பில் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேலை ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கலாம் இதில். அவர் கேபின் வலப்பக்கம், ஏழாவது பிளைவுட் சட்டத்துக்கும் எட்டாவதுக்கும் நடுவில். குச்சி ஒட்டி மூடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குள் ஒருநாள் விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரலும் அடுத்ததும் போயிற்று.

மெசேஜ் அடித்தேன், 'யோசிச்சு சொல்றேன்' என்று. அழித்தேன். 'மார்ச்ல எந்த வாரம்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். 'சாப்டீங்களா' அனுப்பினேன். 'ம், மீன்' என்று வந்தது.

கை சும்மா இருக்கவில்லை. செல்லோடேப் ஒட்டி வெள்ளைக் கோடு போட்டேன். ஒன்றரை மில்லி அகலம், கப்பலைச் சுற்றி ஒரே மட்டத்தில். கோட்டின் அடி ஓரத்தை நீர்மட்டம் தொட வேண்டும். டேப்பை உரித்தபோது எங்கும் கசியவில்லை. இவ்வளவு நேர்த்தியாக இந்த வருடம் வேறு எதுவும் செய்யவில்லை நான்.

யாருக்காக அவசரம் இனி? மார்ச் வரை காயலாம்.

நவம்பர் 8, சனி

மழை விட்டது. இரவு முழுக்க அடுப்போரம் வைத்ததில் வெள்ளைக் கோடு காய்ந்துவிட்டது. அத்தைக்கு லீவு. ஜோவியை அத்தையிடம் விட்டுவிட்டு, கூடத்தில் பாயை மடித்து, தொட்டியை நடுவில் வைத்து நாற்பது லிட்டர் ஊற்றினேன். நாலு குடம். தண்ணீர் ஐஸ்.

போல்ட்டும் நட்டும் வரிசையாக அடியில், முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். சமையல் தராசில் இரண்டு தவணையாக நிறுத்தேன். 6.27. ஒரு கிராம் இப்படி அப்படி இல்லை.

விட்டேன். சாயவில்லை. முன்னும் பின்னும் சமம். ஆனால் வெள்ளைக் கோட்டைக் காணோம். சுற்றிலும், முழுக்க, தண்ணீருக்குள்.

ஒன்றரை மில்லிதான். அத்தை சொன்னார், "நல்லாத்தான் மெதக்குது, இன்னும் என்ன?" எனக்கு மட்டும் காது சூடாயிற்று. கப்பல் கணக்கைவிடக் கீழே உட்கார்ந்தால் எங்கோ தப்பு இருக்கிறது.

ஒழுகுகிறதா? எடுத்து உள்ளே துணியால் துடைத்தேன். உலர்ந்த துணி. மறுபடி நிறுத்தேன். 6.27. தராசு பொய்யா? சர்க்கரைப் பாக்கெட் வைத்தேன். ஒரு கிலோ, சரி. உடம்பு சிறுத்துவிட்டதா? ஊட்டிக் கடைக்காரரை மனதில் திட்டிக்கொண்டே எல்லாத் தாளையும் எடுத்து ஓரத்துக் கோட்டை அளந்தேன். பத்து, பத்து, பத்து. அவர் மேல் தப்பில்லை.

ஒரு மணி நேரம். ஜோவி தொட்டி ஓரத்தைப் பிடித்து நின்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள், அத்தை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், யாரும் திறக்காத ஒரு மூலையில்: நீரின் அடர்த்தி, 1.025.

கடல் தண்ணீர்.

மென்பொருள் தானாகவே கடலைத்தான் வைத்துக்கொள்ளும். நான் மாற்றவே இல்லை. ஜூனிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு கணக்கும் உப்புத் தண்ணீருக்கு. இங்கே இருப்பது எமரால்டு குழாய்த் தண்ணீர். உப்பு இல்லாத தண்ணீர் அவ்வளவாகத் தாங்காது, கப்பல் கொஞ்சம் தாழும். முதல் செமஸ்டர் பாடம். கரும்பலகையில் அந்தப் பேராசிரியர் எழுதியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கப்பல் படித்தவள் செய்யக்கூடாத தப்பு. கப்பல் படித்தவள் மட்டுமே செய்கிற தப்பும் இதுதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கடல்.

அடுப்படிக்குப் போனேன். உப்புப் பாக்கெட் ஒன்று உடைக்காமல். டப்பாவில் அரைக் கிலோ. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். கொட்டினேன்.

"பெனி. என்ன பண்ற நீ?"

"கடல் பண்றேன் அத்தை."

அத்தை இருபத்தேழு வருடம் டீச்சர். பதில் சரியாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "அப்ப கொழம்புக்கு?"

முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். குளிரில் உப்பு கரைய மறுத்தது. கால் மணி நேரம் கலக்கினேன். கப்பலை மறுபடி விட்டேன். அலை அடங்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தேன்.

வெள்ளைக் கோடு வந்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில். அடி ஓரத்தில் தண்ணீர், அதற்கு மேல் பளிச்சென்று வெள்ளை.

ஜோவி கையை விட்டு, வாயில் வைத்தாள். நான் பாய்ந்தேன். முகம் சுருங்கி, கண் மூடி, தோள் இரண்டும் காது வரை ஏறின. பிறகு மறுபடி கையை விட்டாள்.

ஐந்தரைக்கு அவரிடம் காட்டினேன். ஃபோனைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"அட. நம்ம கப்பல்." பிறகு, "உப்புப் போட்டியா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஓரத்துல பாக்கெட் கெடக்குது. இங்க கடல் இன்னும் உப்பு. இன்னும் ரெண்டு கை போடு."

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

"ஆனா ஒண்ணு விட்டுட்ட. பக்கவாட்டுல மார்க் போடலயே. கடலுக்கு ஒரு கோடு, நல்ல தண்ணிக்கு அதுக்கு மேல ஒரு கோடு. நீதானே ரயில்ல எனக்குப் பாடம் எடுத்த."

ஆமாம். எர்ணாகுளத்திலிருந்து கோயமுத்தூர் வரை. எதிர் இருக்கையில் இருந்தவர் மரைன் எஞ்சினியர் என்று தெரியாமல், எந்தக் கப்பலுக்கும் இரண்டு தண்ணீருக்கும் கோடு உண்டு, ஆற்றுக்குள் வந்தால் இவ்வளவு தாழலாம், அது ஆபத்தில்லை என்று, டீக்கப்பில் பேனாவால் வரைந்தெல்லாம் காட்டினேன். கோயமுத்தூர் வரை தலையாட்டிக்கொண்டே கேட்டவர் இறங்கும்போதுதான் சொன்னார்.

'வந்துடுங்க' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "பாப்பா அழறா, வெக்கறேன்" என்றேன். பாப்பா அழவில்லை.

இரவுக் குழம்பு உப்பில்லாமல். அத்தை ஊறுகாயோடு சாப்பிட்டார். தொட்டியைக் காலி செய்யவில்லை. செடிக்கு ஊற்ற முடியாது, பட்டுப்போகும். ஜோவிக்கு நாளை வாளியில் குளியல்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். குளிர். வாசலில் வழக்கம்போல எல்லாரும் ஒரே கேள்வி. "சாமு எப்பங்க வர்றாப்ல?"

"மார்ச்சுங்க" என்றார் அத்தை. வகுப்பில் பெயர் படிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். நாலு பேரிடம் நாலு தடவை.

திரும்பி வரும்போது, பூண்டுக் காட்டைத் தாண்டி ஏறும் இடத்தில், அத்தை நின்றார். மூச்சு வாங்குகிறதென்று நினைத்தேன்.

"இருங்கன்னு சொன்னியே பெனி. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே அத்தை நல்லதுன்னீங்க."

"நீ சொல்லி முடிச்ச பொறவு நான் என்னத்தச் சொல்றது? புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல வந்து வேண்டாம்னு கத்தட்டுமா?"

"உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னுதான்…"

"எனக்கென்ன சந்தோஷம் அதுல? வெயில் வர்றப்பல்லாம் அவன் கம்பளிய எடுத்துக் காயப்போட்டுட்டு இருக்கறேன். பாக்கல நீ?"

பார்த்தேன். பெயிண்ட்டில் படாமல் கல் வைத்தேன். யாருடைய கம்பளி என்று பார்க்கவில்லை.

"உனக்குத்தான் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. "ஒரு மூஞ்சச் சுளிக்காம சொன்னியே."

நடு ரோட்டில் அழுதேன். கேரட் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. அத்தை ஜோவியை வாங்கிக்கொண்டு என்னை ஓரத்துக்கு இழுத்தார். "அழுவறதா இருந்தா ஓரமா நின்னு அழு." ஜோவி அத்தையின் பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ப்பா.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை. லேப்டாப்பில் 1.025ஐ 1.000 ஆக்கினேன். நீர்மட்டம் ஒன்றரை மில்லி ஏறியது. எட்டு மாதத்துக் கணக்கு, ஒரு எண்ணை மாற்றியதும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. இல்லை, ஜூனிலிருந்து என்றால் ஐந்து மாதம். எட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்: அவர் போய் எட்டு மாதம் தாண்டிவிட்டது.

கப்பலை எடுத்துத் துடைத்தேன். வலப்பக்கம், நடுவில், சின்னதாக இரண்டு கோடு. கீழே கடலுக்கு. மேலே நல்ல தண்ணீருக்கு. தூரிகை முனை பெரிது, பல்குச்சியால் போட்டேன். மேல்கோடு கொஞ்சம் தடித்துக் கோணிவிட்டது.

படம் எடுத்து அனுப்பினேன். பிறகு எழுதாமல், அழிக்க முடியாதபடி, பேசியே அனுப்பினேன். இருபத்தொன்பது விநாடி. "அன்னைக்கு சும்மா சொன்னேங்க. எனக்குப் பழகல. அத்தைக்கும் பழகல. வந்துடுங்க. செகண்ட் ஆகறது அடுத்த தடவ ஆகலாம். ஜோவி கரண்ட்காரரை அப்பாங்கறா." கடைசியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். கேட்கட்டும்.

ஒரே ஒரு டிக்.

ஐந்தரை. கால் இல்லை. ஏதோ பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு உள்கடலுக்குப் போயிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். நாளை திங்கள். அதற்குள் ஆபீசுக்குச் சொல்லிவிட்டால்?

நவம்பர் 10, திங்கள்

காலையில் உறைபனி மாதிரி, ஆனால் இல்லை. புல் ஈரம்தான்.

6.10 – ஒரு டிக்.
8.00 – ஒரு டிக். அத்தை பள்ளிக்குப் போகும்போது கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.
11.20 – ஜோவி தூங்குகிறாள். ஒரு டிக்.
1.00 – சாப்பிடவில்லை. 99.1 (எனக்கு).
2.45 – இரண்டு டிக்.
2.46 – நீலம்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது விநாடி கேட்க ஒரு மணி நேரமா? தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது.

4.05க்குக் கால். முன்னாடியே. எஞ்சின் சத்தம், காற்று. டெக்கில் நின்று பேசினார். முகம் பாதி வெயில்.

"நீ அன்னைக்கு டக்குனு இருங்கன்ன. அவ்வளவு ஈசியா. நான் இல்லாமயே இவங்களுக்கு ஓடுது போலன்னு நெனச்சேன்."

"ஓடலங்க."

"இருக்கறேன்னு மெயில் அடிச்சு வெச்சேன். மூணு நாளா அனுப்பல. நேத்து சிக்னல் இல்ல. இன்னைக்கு சிக்னல் வந்ததும் அனுப்பலாம்னு எடுத்தா முதல்ல உன் படம் வந்து எறங்குச்சு. மேல் கோடு கோணலா இருக்கு."

"கை நடுங்குச்சு."

"தெரியுது." ஃபோனை மறு கைக்கு மாற்றினார். "வேற மெயில் அனுப்பிட்டேன். பதினேழு எறங்கறேன். பத்தொம்பது கோயமுத்தூர்."

அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டார். நேராகக் கொல்லைக்குப் போனார். வெயில் இறங்கிவிட்ட நேரம். கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தார்.

ஜோவியைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். ப்பா என்றாள். கால் முடிந்து, ஃபோனைச் சார்ஜில் போட்டேன். அதையும் பார்த்து ப்பா. இன்னும் ஒன்பது நாள். சொல்லிக்கொள்ளட்டும்.

நாளைக்கு:
– தொட்டியைக் காலி செய்ய (ரோட்டோரச் சாக்கடையில், செடிப் பக்கம் வேண்டாம்)
– புகைபோக்கி
– ஜோவி தடுப்பூசி அட்டை எங்கே?
– உப்பு 2 பாக்கெட். இன்றும் ஊறுகாய்தான்